இதய ஆராய்ச்சியும் ஆட்டுக் கொட்டிலின் செலவும்

வாதக் காய்ச்சலால் இதய வால்வு பழுதுற்ற ஏழை நோயாளிகளுக்கு, இறக்குமதி செய்யப்பட்ட செயற்கை வால்வின் விலை நெடுங்காலம் எட்டாததாகவே இருந்தது. இந்நிலையை மாற்றும் நோக்குடன் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் கழகத்தில் டாக்டர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் உருவான வால்வு, 1990 டிசம்பர் 6 அன்று முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. 1995 முதல் அது வணிக அளவில் தயாரிக்கப்பட்டு வருகிறது. முந்தைய மாதிரிகள் கைவிடப்பட்ட பின்னரே இம்மாதிரி நிலைபெற்றது. மனிதருக்கு முன் அதைத் தம் இதயத்தில் தாங்கியவை செம்மறியாடுகள்.

செம்மறியின் இதயம் அளவில் மனித இதயத்தை ஒத்தது; இயல்பும் சாதுவானது. எனினும் அது மந்தையில் வாழும் பிராணி. தனியே அடைத்து வைத்தால் அஞ்சும். அச்சத்தால் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயரும். அந்நிலையில் எடுக்கப்படும் அளவீடு வால்வின் தன்மையைக் காட்டுகிறதா, ஆட்டின் அச்சத்தைக் காட்டுகிறதா என்று பிரித்தறிவது கடினம். ஆகவே பார்வைக்கெட்டும் தொலைவில் துணைக்கு மற்றோர் ஆட்டை நிறுத்துவது கருணை மட்டுமன்று, ஆய்வின் தேவையுமாகும்.

அசைபோடும் பிராணியாதலால் வேறு சிக்கல்களும் உண்டு. மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஆட்டைப் பக்கவாட்டில் நெடுநேரம் கிடத்தினால் வயிற்றில் வாயு திரண்டு நுரையீரலை அழுத்தும். இரைப்பையிலுள்ளது மூச்சுக்குழலில் புகவும் கூடும். எனவே அறுவைக்கு முன் தீனி நிறுத்தப்படுகிறது. பின்னர் கூடிய விரைவில் மார்பின் மீது நிமிர்த்தி அமர்த்தப்படுகிறது. வலி தணிக்கும் மருந்தும் தவறாமல் தரப்படவேண்டும். ஆனால் இரையாகும் இனத்தைச் சேர்ந்த ஆடு வலியை மறைக்கும். அசைபோடுவது நின்றதையும், காது தொங்கியதையும், தீவனத்தொட்டியை விட்டு ஒதுங்கியதையும் முதலில் காண்பவர் நாள்தோறும் தீனியிடும் பராமரிப்பாளரே. திட்ட மதிப்பீடுகளில் கருவிகளுக்கு ஒதுக்கீடு எளிதில் கிடைக்கிறது. இவரது விடுமுறை நாள் ஊதியத்துக்கு அவ்வாறு கிடைப்பதில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. சிக்கனம் தவறான இடத்தில் செய்யப்படுகிறது. பாதியில் ஓர் ஆடு இறந்தால், அதற்காக அதுவரை செலவிட்ட பணமும் காலமும் வீணாவதோடு, அதனிடத்தில் மற்றோர் ஆட்டையும் அறுவைக்கு உட்படுத்த நேரிடும்.

சட்டமும் இதனை உணர்ந்தே இயற்றப்பட்டுள்ளது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொணர்ந்த தனிநபர் மசோதாவைத் தொடர்ந்து உருவான 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், உயிர் காக்கும் அறிவைப் பெறுவதற்கான சோதனைகளைத் தடுக்கவில்லை. ஆனால் அவற்றை மேற்பார்வையிட ஒரு குழுவை அமைக்க வழிசெய்தது. சோதனைக்கு முன்னும் பின்னும் பிராணிகள் முறையாகப் பேணப்படவேண்டும், சிறு பிராணி போதுமாயின் பெரியதைத் தவிர்க்கவேண்டும் என்பன அக்குழுவின் விதிகள் நிறைவேற்ற வேண்டிய நோக்கங்களுள் சில. 1998ஆம் ஆண்டு விதிகளும் அவற்றின் பிந்தைய திருத்தங்களும் பொறுப்பை ஆய்வாளரிடமே சேர்த்துள்ளன. சோதனை முடிந்தபின் பிராணியைப் பேணி மறுவாழ்வளிக்கும் செலவு, ஆராய்ச்சிச் செலவின் ஒரு பகுதியாகும். மானியக் கோரிக்கையைப் பரிசீலிக்கும் அலுவலர், அந்தத் தலைப்பில் தொகை காட்டப்பட்டுள்ளதா என்பதையும், அது எத்தனை மாதங்களுக்குப் போதும் என்பதையும் கேட்டறிந்த பின்னரே கோப்பில் ஒப்பமிடுதல் நலம்.