குதிகாலில் எடுத்த ஒரு துளி ரத்தம்

டென்மார்க்கில் குழந்தை பிறந்த சில நாட்களில் அதன் குதிகாலில் ஊசியால் குத்தி, ஒரு துளி ரத்தத்தை வடிதாளில் ஒற்றி எடுப்பார்கள். பிறவி நோய் ஏதும் உண்டா என்று பார்க்கும் சோதனை அது. முடிந்ததும் தாளை எறிந்துவிடாமல் உறைகுளிரில் பத்திரப்படுத்துகிறார்கள். வகுப்பில் ஓரிடத்தில் உட்கார முடியாமல் தவிக்கும் பிள்ளைகளைப் புரிந்துகொள்ள, பல ஆண்டுகள் கழித்து அந்தத் தாள்களே கைகொடுத்தன.

கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு, சுருக்கமாக ஏடிஹெச்டி. இது உள்ள பிள்ளையின் தாய் அடிக்கடி கேட்கும் வசை ஒன்றுதான்: “வளர்ப்பு சரியில்லை.” இந்தப் பழி தவறானது என்பதற்கு வலுவான சான்று இரட்டையர் ஆய்வுகளில் இருக்கிறது.

ஒரே கரு பிளந்து பிறக்கும் இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறக்குறைய முழுக்க ஒன்றே. தனித்தனிக் கருவாக உருவான இரட்டையருக்குச் சராசரியாகப் பாதிதான் பொது. இரு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே பெற்றோரிடம் வளர்கிறார்கள். ஆனாலும் ஒருவருக்கு ஏடிஹெச்டி இருந்தால் மற்றவருக்கும் இருக்கும் வாய்ப்பு முதல் வகையினரிடம் மிக அதிகம். இத்தகைய 37 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது மரபின் பங்கு சராசரியாக 74 சதவீதம் என்று வந்தது. தத்துப் பிள்ளைகளை ஆராய்ந்தவர்களும், வளர்த்தவர்களைவிடப் பெற்றவர்களிடமே இந்தக் கோளாறு கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள்.

இந்த 74 என்ற எண்ணைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். ஒரு பிள்ளையின் தவிப்பில் முக்கால் பங்கு மரபணுவால் வந்தது என்று அதற்குப் பொருள் இல்லை. ஒரு மக்கள் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தில் மரபு வேறுபாட்டுக்கு எவ்வளவு பங்கு என்பதையே அது சொல்கிறது. மரபு தவிர, குறைமாதப் பிறப்பும் குறைந்த பிறப்பு எடையும்கூட ஆபத்தைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

சரி, எந்த மரபணு? தொடக்கத்தில் மூளையின் டோபமைன் என்ற வேதிப்பொருள் தொடர்பான ஓரிரு மரபணுக்களையே சுற்றிச் சுற்றித் தேடினார்கள். பிறகு டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தின் டிட்டே டெமோன்டிஸ் உள்ளிட்டோர், அந்த வடிதாள்களிலிருந்து கிடைத்த மரபுத் தகவலைப் பிற நாட்டுத் தரவுகளுடன் சேர்த்து முழு மரபுத்தொகுதியையும் அலசினார்கள். 2019-இல் ஏடிஹெச்டி உள்ள 20,183 பேரை ஆராய்ந்து, அந்தக் கோளாறோடு தொடர்புள்ள மாறுபாடுகள் இருக்கும் 12 இடங்களை மரபுத்தொகுதியில் கண்டார்கள். 2023-இல் 38,691 பேர், 27 இடங்கள். ஒவ்வோர் இடத்தின் விளைவும் மிகச் சிறியது. இந்த மாறுபாடுகளில் சில நம் எல்லோரிடமும் இருக்கின்றன. சிலரிடம் நிறையச் சேர்ந்துவிடுகின்றன. ஆகவே ‘ஏடிஹெச்டி மரபணு’ என்று ஒன்றைச் சுட்ட முடியாது.

வட கென்யாவின் அரியால் மக்களிடம் நடந்த ஒரு சிறு ஆய்வு இங்கே நினைவுகூரத் தக்கது. டோபமைன் ஏற்பி மரபணு ஒன்றின் நீண்ட வடிவம் ஏடிஹெச்டியோடு தொடர்புபடுத்தப்பட்டது. கால்நடைகளோடு இடம்பெயர்ந்து வாழும் அரியால் ஆண்களில், அந்த வடிவம் உள்ளவர்கள் மற்றவர்களைவிட நல்ல ஊட்டத்தோடு இருந்தார்கள். ஊரில் நிலையாகக் குடியேறியவர்களிடம் நிலைமை தலைகீழ். 2008-இல் வெளியான இதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனால் ஒரே மரபு, வாழும் சூழலைப் பொறுத்து வேறுவிதமாகப் பலிக்கலாம் என்பதை யோசிக்க வைக்கிறது.

ஏடிஹெச்டியைக் கண்டறிய இன்றும் ரத்தப் பரிசோதனை கிடையாது. வீட்டிலும் பள்ளியிலும் பிள்ளை எப்படி இருக்கிறது என்று விசாரித்தே மருத்துவர் முடிவு செய்கிறார். அப்போது குடும்ப வரலாற்றையும் கேட்பது வழக்கம். “நானும் சின்ன வயசுல இப்படித்தான் இருந்தேன்” என்று அப்பாவோ அம்மாவோ சொன்னால், அதைப் பேச்சோடு பேச்சாக விட்டுவிடக் கூடாது. ஏனெனில், மருத்துவர் மாத்திரை தந்தால் அதை வேளை தவறாமல் கொடுப்பதும், பிள்ளையின் அன்றாடத்தை ஒழுங்குபடுத்துவதும் பெற்றோர் பொறுப்பு. அவர்களுக்கும் அதே கோளாறு இருந்தால், முதல் உதவி அவர்களுக்கே தேவைப்படலாம்.