எட்டின் புதிரும் இரண்டின் விடையும்

கடினமான கணக்கு ஒன்று எதிர்ப்பட்டால் என்ன செய்வீர்கள்? அதே வகையில் எளிய கணக்கு ஒன்றை முதலில் போட்டுப் பார்ப்பீர்கள் அல்லவா? அணுவை ஆராய்ந்தவர்களும் ஒரே எலெக்ட்ரான் கொண்ட ஹைட்ரஜனைத்தான் முதலில் எடுத்துக்கொண்டார்கள். ஸ்ட்ராபெரிப் பழத்தை ஆராய்பவர்கள் பின்பற்றியதும் இதே வழிதான்.

நம் உடல் செல்களில் குரோமோசோம்கள் இரண்டு தொகுதிகளாக உள்ளன. தாய் தந்தது ஒன்று, தந்தை தந்தது ஒன்று. கடையில் விற்கும் ஸ்ட்ராபெரியிலோ எட்டுத் தொகுதிகள்! தொகுதிக்கு 7 வீதம் மொத்தம் 56 குரோமோசோம்கள். வட அமெரிக்க இனம் ஒன்றும் சிலி நாட்டு இனம் ஒன்றும் 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களில் கலந்ததால் பிறந்த செடி இது. அவ்விரண்டுமே எட்டுத் தொகுதி உடையவை.

இதனால் என்ன தொல்லை? ஒரு ஜீனின் வேலையை அறிய, அதைச் செயலிழக்கச் செய்து, செடியில் என்ன மாறுகிறது என்று பார்ப்பார்கள். எட்டுப் பிரதிகள் இருந்தால், ஒன்றை நிறுத்தினாலும் மற்றவை அவ்வேலையைச் செய்துவிடக்கூடும். மேலும், டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாகப் படித்துத்தான் இணைக்கிறார்கள். சில சொற்களே வேறுபடும் எட்டுப் பதிப்புகளைக் கிழித்துக் கலந்துவிட்டு, பிரித்து ஒட்டச் சொன்னால் எப்படி இருக்கும்!

இங்கேதான் காட்டு ஸ்ட்ராபெரி கைகொடுத்தது. ஃப்ரகேரியா வெஸ்கா என்பது அதன் அறிவியல் பெயர். அதில் இரண்டே தொகுதிகள், 14 குரோமோசோம்கள். சிறு தொட்டியிலேயே வளர்ந்து, சில மாதங்களில் விதை தந்துவிடும். ஏறக்குறைய 24 கோடி எழுத்துகள் கொண்ட அதன் டி.என்.ஏ. வரிசை 2011-இல் 'நேச்சர் ஜெனிடிக்ஸ்' இதழில் வெளியாயிற்று. அதை வழிகாட்டியாகக் கொண்டு தோட்டத்து ஸ்ட்ராபெரியின் ஜீன்களைத் தேடினார்கள். எட்டுத் தொகுதிச் செடியின் முழு வரிசை 2019-இல் வந்தது.

ஆனால் ஓர் எச்சரிக்கை! காட்டுச் செடிகளில் சில, பருவம் பாராமல் பூக்கின்றன. பூப்பதைத் தடுக்கும் ஜீன் ஒன்று அவற்றில் பழுதுபட்டிருப்பதே காரணம் என்று கண்டார்கள். தோட்டத்துச் செடியிலும் அதே ஜீன்தானா? இல்லை! அங்கே வேறொரு குரோமோசோமில் உள்ள பகுதி அக்குணத்தை ஆள்கிறது.

ஹைட்ரஜனின் சமன்பாட்டை அப்படியே ஹீலியத்துக்குப் போட்டால் விடை பிழைக்கும். ஆயினும் ஹைட்ரஜனை அறியாதவர் ஹீலியத்தில் எங்கே தொடங்குவார்? எளிய செடி தரும் விடையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய செடியில் அதைச் சோதித்த பிறகே நம்புங்கள்.