விளக்கு வெடித்தால் யார் குற்றம்?

மின்சாரம் வராத காலத்து வீடு எப்படி இருந்தது என்று பாட்டிமார்களைக் கேட்டால் கதை கதையாய்ச் சொல்வார்கள். பொழுது சாயும் முன்பே சிம்னியைச் சாம்பல் போட்டுத் துடைத்து, திரியை ஒழுங்காய்க் கத்தரித்து, சீமையெண்ணெய் ஊற்றி வைத்துவிட வேண்டும். அந்த எண்ணெயிடம் பாட்டிக்கு ஜாக்கிரதை உண்டு. ஆனால் பயம் கிடையாது.

அந்தப் பயம் தானாகப் போய்விடவில்லை. அதைப் போக்குவதற்குச் சர்க்கார்களும், சட்டங்களும், ஒரு சின்னஞ்சிறு கிண்ணமும் பாடுபட்டிருக்கின்றன!

கலப்படத்தின் கைவரிசை

1859-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வின் டிரேக் என்பவர் பூமியைத் துளைத்து எண்ணெய் எடுத்தார். அதற்குப் பிறகு மண்ணெண்ணெய் விளக்கு வீட்டுக்கு வீடு புகுந்தது. கூடவே விபத்தும் புகுந்தது. எரிந்துகொண்டிருக்கும் விளக்கு திடீரென்று வெடிக்கும். எண்ணெய் ஆடையில் தெறித்துத் தீப் பற்றிக்கொள்ளும். "ஐயோ பாவம், கவனக் குறைவு!" என்று பழியைப் பெண்பிள்ளை தலையில் போட்டுவிடுவது சுலபம் அல்லவா?

ஆனால் பல சமயங்களில் குற்றவாளி எண்ணெய்தான். கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடிக்கும்போது முதலில் வருவது நாப்தா, பெட்ரோல் போன்ற லேசான சரக்கு, அடுத்தபடியாகத்தான் மண்ணெண்ணெய். மோட்டார் வண்டி பிறக்காத அந்த நாளில் லேசான சரக்குக்கு அதிகக் கிராக்கி இல்லை. ஆகவே பேராசைக்காரர்கள் அதை மண்ணெண்ணெயில் கலந்து விற்றார்கள்.

விளைவு என்ன? நாப்தா சாதாரணச் சூட்டிலேயே ஆவியாகிவிடும். விளக்கில் எண்ணெய் குறையக் குறைய, காலியான இடத்தில் அந்த ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். திரி வழியே ஒரு பொறி உள்ளே இறங்கினால் போதும், விளக்கே வெடிகுண்டுதான்!

கோர்ட்டு சொன்ன தீர்ப்பு

1867-ல் அமெரிக்கப் பார்லிமெண்டு விழித்துக்கொண்டது. விளக்கெரிக்க நாப்தா கலந்த எண்ணெயை விற்கக் கூடாது, 110 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழேயே தீப்பிடிக்கும் எண்ணெயையும் விற்கக் கூடாது என்று சட்டம் போட்டது. டெட்ராய்ட் நகரில் டெவிட் என்பவர் மேல் வழக்குத் தொடரப்பட்டது. 1870-ல் சுப்ரீம் கோர்ட்டு என்ன சொல்லிற்று தெரியுமா? "ராஜ்யங்களின் உள்நாட்டு வியாபாரத்தில் இப்படித் தலையிட மத்திய சர்க்காருக்கு அதிகாரம் இல்லை" என்று சட்டத்தையே தள்ளிவிட்டது! பொறுப்பு அந்தந்த ராஜ்யத்தின் தலையில் விழுந்தது.

கிண்ணத்தில் ஒரு மின்வெட்டு

இங்கிலாந்தில் தகராறு வேறு விதம். எந்தச் சூட்டில் எண்ணெயின் ஆவி பற்றுகிறது என்று சோதிக்கச் சட்டம் இருந்தது. ஆனால் சோதனை திறந்த கிண்ணத்தில் நடந்தது. காற்றடித்தால் ஆவி கலைந்துவிடும். ஒருவர் சோதித்தால் ஒரு கணக்கு, இன்னொருவர் சோதித்தால் வேறு கணக்கு!

ராணுவ இலாகாவின் ரசாயன நிபுணரான பிரெடரிக் ஏபல் இதற்கு வழி கண்டார். மூடி போட்ட சிறு கிண்ணத்தில் எண்ணெய்; சுற்றிலும் வெந்நீர்; உள்ளே உஷ்ணமானி. சூடு மெல்ல ஏற ஏற, மூடியிலுள்ள சிறு கதவைத் திறந்து ஒரு துளிச் சுடரைக் காட்டுவார்கள். எந்த டிகிரியில் 'பளிச்'சென்று நீல ஒளி தோன்றுகிறதோ, அதுதான் அந்த எண்ணெயின் குணம். 1879-ல் இந்தக் கருவியையும், அதில் 73 டிகிரி பாரன்ஹீட் என்ற எல்லையையும் பிரிட்டிஷ் சட்டம் ஏற்றுக்கொண்டது.

அந்த 73 டிகிரி ஏறக்குறைய 23 டிகிரி செல்சியஸ். நம் நாட்டில் 1934-ஆம் வருஷத்துப் பெட்ரோலியச் சட்டம் இன்று வகுத்திருக்கும் பிரிவைப் பாருங்கள்: 23 டிகிரிக்குக் கீழே பற்றுவது மிக அபாயகரமான 'ஏ' வகுப்பு! மண்ணெண்ணெய் 35 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. அதைச் சோதிப்பதும் ஏபலின் கிண்ணம்தான்.

நம் பங்கு

கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ கலப்படத்தின் அபாயத்தைக் கணக்கிட எந்த இல்லத்தரசியாலும் முடியாது. ஆகவேதான் டின் வீட்டுக்கு வருமுன் சோதனை நடக்க வேண்டும் என்கிறோம். ஆனால் சட்டம் வாசற்படி வரைதான் வரும். கத்திரி வெயிலில் சென்னையின் சூடே 35 டிகிரியைத் தாண்டிவிடுகிறதே! ஆகையால் ஸ்டவ்வை அணைத்து, ஆறிய பிறகே எண்ணெய் ஊற்றுங்கள்.

இன்று பல வீடுகளில் மண்ணெண்ணெய் இல்லை. அதனாலென்ன? அலமாரியில் பெயிண்டுக்கான தின்னரும், வாசனை ஸ்ப்ரேயும் இருக்கின்றனவே! டப்பாவின் மேல் தீச்சுடர்ப் படம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சிறு படம் பழைய விளக்குகள் எத்தனையோ வெடித்த பிறகு கிடைத்த பாடம். அடுப்படியில் அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.