'பெர்மிஷன் டினைடு'... லினக்ஸில் யுஎஸ்பி கருவி வேலை செய்யலையா? 777 போடும் முன் இதைப் படிங்க!

ஆர்டினோ போர்டை லேப்டாப்பில் சொருகியாச்சு. போர்டில் விளக்கு எரியுது. புரோகிராமை எழுதி 'அப்லோடு' கொடுத்தால், 'பெர்மிஷன் டினைடு' என்று ஒரு வரி வந்து நிற்கிறது. கேபிளை மாற்றிப் பார்க்கிறோம், வேறு போர்ட்டில் சொருகிப் பார்க்கிறோம், கடைசியில் போர்டே போச்சோ என்று சந்தேகப்படுகிறோம். உண்மையில் கேபிளும் நல்லாத்தான் இருக்கு, போர்டும் நல்லாத்தான் இருக்கு. அந்தக் கருவியைத் தொடுவதற்கு உங்கள் யூசர் கணக்குக்கு அனுமதி இல்லை. அவ்ளோதான் விஷயம்.

இதற்குத் தீர்வு தேடினால், '777 போடுங்க', 'சூடோ போட்டு ஓட்டுங்க' என்ற பதில்கள்தான் முதலில் கண்ணில் படும். இரண்டுமே அந்த நேரத்துக்கு வேலை செய்யும். ஆனால் அதற்குப் பிறகு வரும் தலைவலியை யாரும் சொல்வதில்லை. லினக்ஸ் ஏன் தடுக்கிறது, அதைச் சரியான முறையில் எப்படித் தீர்ப்பது, எதைச் செய்யவே கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

(கட்டளைகளின் பெயர்களை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் கொடுத்திருக்கிறோம். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்யணும். பெரிய எழுத்து வரும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.)

லினக்ஸ் ஏன் தடுக்குது?

யுனிக்ஸ் வழியில் வந்த லினக்ஸில் கருவிகளும் கோப்புகளைப் போலவே தெரியும். ஹார்டு டிஸ்க், வெப்கேம், யுஎஸ்பி போர்டு என்று பெரும்பாலான கருவிகளுக்கு '/டெவ்' என்ற அடைவுக்குள் ஒரு கோப்பு இருக்கும். ஆர்டினோ ஊனோ போர்டைச் சொருகினால் 'டிடிஒய்ஏசிஎம்0' என்ற பெயரில் ஒரு கோப்பு உருவாகும். விலை குறைவான போர்டுகள் பலவற்றில் வேறு சிப் இருப்பதால் 'டிடிஒய்யுஎஸ்பி0' என்று வரும். போர்டைப் பிடுங்கினால் அந்தக் கோப்பும் மறைந்துவிடும்.

கோப்பு என்று வந்துவிட்டால் அதற்கு அனுமதியும் உண்டு. ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர், ஒரு குழு, 'மற்றவர்கள்' என மூன்று தரப்பு இருக்கிறது. யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்பது தரப்புக்குத் தரப்பு மாறும். யுஎஸ்பி சீரியல் கருவி என்றால் உரிமையாளர் 'ரூட்', அதாவது நிர்வாகி. உபுண்டுவிலும் டெபியனிலும் குழுவின் பெயர் 'டயல்அவுட்'. இந்த இரண்டு தரப்புக்கும் படிக்கவும் எழுதவும் உரிமை உண்டு, மற்றவர்களுக்கு எதுவும் கிடையாது. உங்கள் கணக்கு அந்த 'மற்றவர்கள்' பட்டியலில் இருப்பதுதான் சிக்கல்.

டயல்அவுட் என்ற பெயருக்கும் ஆர்டினோவுக்கும் என்ன தொடர்பு? மோடம் வைத்து டெலிபோன் லைனில் டயல் செய்து இணைய வேண்டிய காலத்தில் வந்த பெயர் அது. யார் வேண்டுமானாலும் டயல் செய்தால் போன் பில் எகிறிடும் இல்லையா? அதனால் அந்த வேலைக்குத் தனியாக ஒரு குழு. மோடம் போயிடுச்சு, பெயர் மட்டும் நின்னுடுச்சு.

முதலில் பிழைச் செய்தியை முழுசாப் படிங்க

கருவி வேலை செய்யவில்லை என்றாலே அது அனுமதிச் சிக்கல் என்று முடிவு செய்யக் கூடாது. பெரும்பாலும் மூன்று விதமான செய்திகள் வரும். மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

'பெர்மிஷன் டினைடு' என்றால் கருவி இருக்கிறது, உங்களுக்கு உரிமை இல்லை. இந்தக் கட்டுரையின் விஷயம் இதுதான்.

'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்றால் அந்தக் கருவிக்கான கோப்பே உருவாகவில்லை. சார்ஜ் ஏற்ற மட்டும் பயன்படும் கேபிளாக இருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. உபுண்டு 22.04-ல் 'பிஆர்எல்டிடிஒய்' என்ற மென்பொருள், சிஎச்340 சிப் உள்ள போர்டுகளை பிரெய்ல் கருவி என்று நினைத்து எடுத்துக்கொள்ளும். போர்டு வந்த வேகத்தில் காணாமல் போகும். அந்த மென்பொருளை நீக்கினால் பிரச்னை தீரும். ஆனால் அது பார்வை மாற்றுத்திறனாளிகள் பிரெய்ல் கருவி வழியாகக் கணினியைப் பயன்படுத்த உதவும் மென்பொருள். பலர் பயன்படுத்தும் கணினி என்றால், யாருக்கும் அது தேவைப்படுகிறதா என்று கேட்டுவிட்டு நீக்குங்க.

'டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி' என்றால் வேறொரு மென்பொருள் அந்தக் கருவியைப் பிடித்து வைத்திருக்கிறது. சீரியல் மானிட்டர் இன்னொரு ஜன்னலில் திறந்திருக்கலாம். கருவியின் பெயரோடு 'சூடோ எல்எஸ்ஓஎஃப்' கட்டளையைக் கொடுத்தால் பிடித்திருப்பது யார் என்று தெரிந்துவிடும்.

கருவி யார் பொறுப்பில் இருக்கு?

வந்தது 'பெர்மிஷன் டினைடு'தான் என்று உறுதியானால், டெர்மினலைத் திறந்து 'எல்எஸ் -எல்' என்று போட்டு, ஓர் இடைவெளி விட்டு '/டெவ்/டிடிஒய்யுஎஸ்பி0' என்று கொடுங்க. இதில் யுஎஸ்பி மட்டும் பெரிய எழுத்து. உங்கள் போர்டு ஏசிஎம் வகை என்றால் அந்தப் பெயரைப் போடுங்க, அங்கே ஏசிஎம் பெரிய எழுத்து.

வரும் வரியில் முதலில் எழுத்துகளும் கோடுகளும் இருக்கும். அதில் 'ஆர்' என்றால் படிக்கும் உரிமை, 'டபிள்யூ' என்றால் எழுதும் உரிமை, கோடு என்றால் உரிமை இல்லை. அடுத்து ரூட், டயல்அவுட் என்று உரிமையாளர் பெயரும் குழுவின் பெயரும் வரிசையாக இருக்கும். நமக்குத் தேவை அந்தக் குழுவின் பெயர். ஃபெடோராவிலும் அது டயல்அவுட்தான். ஆர்ச் லினக்ஸில் 'யுயுசிபி' என்று இருக்கும். அதனால் எங்கேயோ படித்த பெயரை அப்படியே போடாமல், உங்கள் கணினி காட்டும் பெயரைக் குறித்துக்கொள்ளுங்க.

அடுத்து 'குரூப்ஸ்' என்று மட்டும் தட்டினால், நீங்கள் எந்தெந்தக் குழுவில் இருக்கிறீர்கள் என்று பட்டியல் வரும். அதில் டயல்அவுட் இல்லையா? பிரச்னை எது என்று தெரிந்துவிட்டது.

குழுவில் சேர்வது எப்படி?

உபுண்டு, டெபியன் மற்றும் அவற்றை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ்களில் வழி சுலபம். 'சூடோ அட்யூசர்' என்று எழுதி, உங்கள் யூசர்நேம், அதன்பின் 'டயல்அவுட்' என்று கொடுத்தால் போதும். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழியில் வந்ததுதான். தமிழ்நாடு அரசின் விலையில்லா லேப்டாப்களில் வந்த அதே பாஸ் லினக்ஸ் என்றால் பலருக்கு ஞாபகம் வரும்.

மற்ற லினக்ஸ்களில் 'சூடோ யூசர்மாட் -ஏஜி டயல்அவுட்' என்று எழுதி, கடைசியில் யூசர்நேம் போடணும். இதில் 'ஏ' சின்ன எழுத்து, 'ஜி' பெரிய எழுத்து.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. அந்தச் சின்ன 'ஏ'வை விட்டுவிட்டால், 'இருக்கிற குழுக்களோடு இதையும் சேர்' என்ற கட்டளை 'இந்தக் குழு மட்டும் போதும், மற்றதை எல்லாம் எடுத்துவிடு' என்று மாறிவிடும். சூடோ பயன்படுத்தும் உரிமையே ஒரு குழு வழியாகத்தான் வருகிறது. அந்தக் குழுவிலிருந்தும் உங்கள் பெயர் போய்விடும். பிறகு தவறைத் திருத்தச் சூடோ வேண்டும், சூடோ போட உரிமை இருக்காது. ரெக்கவரி மோடில் போய்த்தான் சரிசெய்யணும். ஒரே ஒரு எழுத்து, ஜாக்கிரதை.

கல்லூரி லேப், அலுவலகக் கணினி என்றால் உங்களுக்குச் சூடோ உரிமை இருக்காது. அப்போது நிர்வாகியிடம், 'என் கணக்கை டயல்அவுட் குழுவில் சேர்த்துவிடுங்க' என்று கேளுங்க. 'போர்டு வேலை செய்யலை சார்' என்று சொல்வதைவிட இப்படிக் கேட்டால் ஒரு நிமிடத்தில் வேலை முடியும்.

சேர்ந்த பிறகும் வரலையா?

பலரும் தடுமாறும் இடம் இதுதான். குழுவில் சேர்த்தாச்சு, ஆனால் அதே பிழை திரும்ப வருகிறது. காரணம், நீங்கள் எந்தக் குழுக்களில் இருக்கிறீர்கள் என்பதை லினக்ஸ் லாகின் செய்யும்போதே எடுத்துக்கொள்கிறது. ஏற்கெனவே லாகின் செய்திருக்கும் கணக்குக்குப் புதிய குழு தெரியாது. டெர்மினலை மூடித் திறந்தாலும் மாறாது. லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வாங்க. அதற்கும் மசியவில்லை என்றால் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்க. பிறகு 'குரூப்ஸ்' போட்டுப் பார்த்தால் டயல்அவுட் இருக்கும்.

வெப்கேம் மட்டும் கேட்காமலே வேலை செய்யுதே?

நியாயமான கேள்வி. வெப்கேம், சவுண்டு கார்டு போன்றவற்றுக்கு இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. கணினியின் முன் உட்கார்ந்து லாகின் செய்திருப்பவருக்கு அந்தக் கருவிகளின் உரிமையை சிஸ்டம்டி தானாகவே கொடுத்துவிடும், அவர் லாக்அவுட் செய்ததும் எடுத்துவிடும். 'எல்எஸ் -எல்' போடும்போது அனுமதி எழுத்துகளின் முடிவில் ஒரு கூட்டல் குறி தெரிந்தால் இந்த ஏற்பாடு நடப்பில் இருக்கிறது என்று அர்த்தம். வேறு ஊரிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழைபவருக்கு இந்தச் சலுகை கிடைக்காது. உங்கள் அறையில் இருக்கும் கேமராவை எங்கிருந்தோ நுழையும் ஒருவர் திறக்க முடியாமல் இருப்பது நல்லதுதானே?

எந்தக் குழுவிலும் சேராத சில யுஎஸ்பி கருவிகளுக்கும் இதே வசதியை நாமே செய்துகொடுக்கலாம். 'எல்எஸ்யுஎஸ்பி' கட்டளை கொடுத்தால், ஒவ்வொரு கருவிக்கும் தயாரிப்பாளர் எண், கருவி எண் என இரண்டு எண்கள் தெரியும். '/ஈடிசி/யூடெவ்/ரூல்ஸ்.டி' என்ற அடைவில் ஒரு கோப்பு உருவாக்கி, அந்த இரண்டு எண்களும் உள்ள கருவிக்கு 'யுஅக்சஸ்' என்ற டேக்கைச் சேர்க்கும்படி ஒரு வரி எழுதணும். கோப்பின் பெயர் 73-ஐ விடச் சிறிய எண்ணில், உதாரணமாக 70 என்று, தொடங்க வேண்டும். இல்லையென்றால் விதி பலிக்காது. பிறகு கருவியைப் பிடுங்கிச் சொருகினால் போதும்.

ஆண்ட்ராய்டு போனை ஏடிபி வழியாக இணைக்கும்போது 'நோ பெர்மிஷன்ஸ்' என்று வருவதும் இதே வகைச் சிக்கல்தான். உபுண்டுவில் அதற்கான விதிகள் 'ஆண்ட்ராய்டு எஸ்டிகே பிளாட்ஃபார்ம் டூல்ஸ் காமன்' என்ற தொகுப்பில் தயாராகவே இருக்கின்றன. அதை நிறுவினாலே போதும்.

777 போட்டால் என்ன ஆகும்?

'சிஎச்மாட்' கட்டளையில் 777 அல்லது 666 போட்டால், கணினியில் இருக்கும் எல்லாக் கணக்குகளுக்கும், பின்னணியில் ஓடும் எல்லா மென்பொருள்களுக்கும் அந்தக் கருவி திறந்துவிடப்படும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

சரி, ஆபத்தை விடுங்க. அது நிலைக்கவும் செய்யாது. கருவியைப் பிடுங்கியதும் அந்தக் கோப்பு அழிந்துவிடும், மறுபடி சொருகும்போது பழைய அனுமதியோடு புதிதாகப் பிறக்கும். 'நேத்து வேலை செஞ்சுச்சு, இன்னிக்கு செய்யலை' என்ற புலம்பலுக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

சூடோ போட்டு மென்பொருளையே ஓட்டினால் இன்னொரு சிக்கல். அது நிர்வாகியின் உரிமையோடு ஓடுவதால், உருவாக்கும் கோப்புகள் நிர்வாகியின் பெயரில் போய்விடலாம். அடுத்த நாள் சாதாரணமாகத் திறந்தால், நீங்கள் எழுதிய கோப்பை நீங்களே சேமிக்க முடியாது.

எல்லாக் குழுவிலும் சேர்ந்துட்டா நல்லதுதானே?

கூடாது. எல்லாக் குழுவும் டயல்அவுட் போலச் சாதுவானவை இல்லை. 'டிஸ்க்' குழுவில் இருப்பவர் ஹார்டு டிஸ்க்கை நேரடியாகப் படிக்கலாம், எழுதலாம். அவருக்கு மற்ற கோப்பு அனுமதிகள் எதுவும் தடையே இல்லை, கிட்டத்தட்ட நிர்வாகிக்குச் சமம். 'இன்புட்' குழுவில் உங்கள் கணக்கைச் சேர்த்தால், உங்கள் பெயரில் ஓடும் எந்த மென்பொருளும் கீபோர்டில் நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு எழுத்தையும் படிக்க முடியும். பேங்க் பாஸ்வேர்டும் அதில் அடக்கம். கேம் கன்ட்ரோலர் வேலை செய்யலை என்பதற்காக இந்தக் குழுவில் சேரச் சொல்லும் அறிவுரையைப் பார்த்தால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்க. அந்த ஒரு கருவிக்கு மட்டும் யூடெவ் விதி எழுதுவதே பாதுகாப்பு.

எல்லாம் சரி, ஆனாலும் வரலையா?

ஸ்நாப், பிளாட்பேக் வழியாக நிறுவிய மென்பொருள்களுக்குக் கூடுதலாக ஒரு வேலி உண்டு. உங்கள் கணக்குக்கு உரிமை இருந்தாலும், அந்த மென்பொருளுக்குத் தனியாக அனுமதி கொடுக்கணும். ஸ்நாப் என்றால் 'ஸ்நாப் கனெக்ஷன்ஸ்' என்று எழுதி மென்பொருளின் பெயரைக் கொடுத்தால், எது இணைந்திருக்கிறது, எது இல்லை என்று தெரியும். பிளாட்பேக் என்றால் 'பிளாட்சீல்' என்ற செயலியில் மாற்றலாம்.

சுருக்கமா...

1. பிழைச் செய்தி 'பெர்மிஷன் டினைடு'தானா என்று உறுதி செய்யுங்க.
2. 'எல்எஸ் -எல்' போட்டுக் கருவியின் குழு எது என்று பாருங்க.
3. அந்தக் குழுவில் மட்டும் சேருங்க. 'யூசர்மாட்' என்றால் சின்ன 'ஏ' முக்கியம்.
4. லாக்அவுட் செய்து திரும்ப வாங்க.
5. பொருத்தமான குழு இல்லை என்றால் யூடெவ் விதி எழுதுங்க.
6. 777, 666 வேண்டாம். டிஸ்க், இன்புட் குழுக்களில் சேர வேண்டாம்.