மூட்டைக்குப் பொறுப்பு யாருடையது?

சாந்த்ராகாச்சி ஏரிக்குக் குளிர்காலந்தோறும் பறவைகள் திரளாக வந்திறங்குவதைக் காண்கிறோம். அவற்றுக்கு மூட்டை முடிச்சு ஏதுமில்லை. பிழைப்பு நாடித் தெற்கிலிருந்து இவ்வூர் வந்த நமக்கோ, அம்மிக்கல் முதல் ஊறுகாய்ச் சாடி வரை யாவும் உடன்வர வேண்டியிருக்கிறது. அவற்றைச் சுமந்து வருவோரின் கடமை யாது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுச் சாமான்கள் மதுரையிலிருந்து லாரியில் வந்தன. பதினொரு உருப்படிகளில் வெண்கலப் பாத்திரப் பெட்டி மட்டும் வந்து சேரவில்லை. கேட்டபோதெல்லாம் “அடுத்த லாரியில் வந்துவிடும்” என்ற இனிய மறுமொழியே கிடைத்தது. அதனை நம்பி, எழுத்து மூலம் ஒன்றும் கேளாதிருந்தோம். எட்டு மாதங்கள் கழித்து வழக்கறிஞரை அணுகியபோதுதான் காலம் கடந்துவிட்டதென்று தெரிந்தது. பொங்கல்தோறும் என் மாமியார் தம் வெண்கலப் பானையை நினைவுகூர்கிறார், எங்களிடம் விடையில்லை.

1865-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்கு மாற்றாக 2007-இல் இயற்றப்பட்ட சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2011 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி சரக்கேற்றும் தொழில் செய்வோர் பதிவுச் சான்று பெற்றிருத்தல் வேண்டும். பொருள் தொலைந்தால், அது அவர்தம் கவனக்குறைவால் நேர்ந்ததென்று வழக்கில் நாம் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் சரக்கைப் பதிந்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புத் தராவிடில் வழக்குக்கு இடமில்லை. ஈட்டுத் தொகைக்கும் வரம்பு உண்டு. கூடுதல் கட்டணம் செலுத்தி உயர்ந்த பொறுப்பை ஏற்கச் செய்தாலன்றி, அது பொதுவாகக் கூலியின் பத்து மடங்கையும் நாம் குறித்த மதிப்பையும் மிஞ்சாது.

ரயில்வேயின் நிலை வேறு. 1962-க்கு முன், பிறர் பொருளைக் காத்து வைப்பவனுக்குரிய பொறுப்பே அதற்கு இருந்தது. அவ்வாண்டு சனவரி முதல் பொறுப்பு மிகுந்தது. 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வழியில் நேரும் இழப்புக்கு ரயில்வே பொறுப்பாகும். இயற்கைச் சீற்றம், போர், அனுப்பியவரின் தவறு போன்றவை விலக்கு. அப்போதும் தக்க கவனம் செலுத்தியதை ரயில்வே மெய்ப்பிக்க வேண்டும். சரக்கை ஒப்படைத்த ஆறு மாதங்களுக்குள் அறிவிப்புத் தருதல் அவசியம். வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயத்தின் கிளை கல்கத்தாவிலேயே இருக்கிறது. பதிவு செய்யாமல் நம்முடன் பெட்டியில் கொண்டு வரும் சாமானுக்கோ, ஊழியரின் கவனக்குறைவை நாமே மெய்ப்பித்தாலன்றி ரயில்வே பொறுப்பேற்காது.

ஆகவே அன்பர்களே, பில்டியில் உருப்படிகளின் எண்ணிக்கையையும் மதிப்பையும் தவறாது எழுதச் செய்யுங்கள். எண்ணிப் பார்க்காமல் கையொப்பமிடாதீர்கள். ஒன்று குறைந்தாலும் அங்கேயே குறித்து, அவ்வாரமே விரைவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். வாய்ச்சொல் காற்றோடு போய்விடும். வழக்கு மன்றத்தில் நமக்குத் துணைநிற்பது எழுத்து ஒன்றே.