ஏழாவது துண்டு

மூன்று நான்கு மாதமாகியும் குழந்தைக்குத் தலை நிற்காது. கைகால் துவண்டு கிடக்கும். முகம் மட்டும் தெளிவாக இருக்கும். ஆளைப் பார்த்துச் சிரிக்கும். தண்டுவடத் தசைச் சிதைவு என்னும் எஸ்எம்ஏ நோய் இது. 1891இல் ஆஸ்திரிய மருத்துவர் கீடோ வெர்ட்னிக் இதை விவரித்தார். அதன்பின் நூறாண்டுக்கும் மேலாக, நோயின் பெயரைச் சொல்லவும் மூச்சுக்குத் துணைசெய்யவும்தான் மருத்துவர்களால் முடிந்தது. கடுமையான முதல் வகையில் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டவில்லை.

1977இல் ஃபிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் இருவரின் குழுக்களும், பின்னாளில் இந்நோய்க்கு மருந்து காண உதவிய ஒன்றைத் தனித்தனியே கண்டுபிடித்தன. மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்என்ஏ அப்படியே புரதமாகிவிடுவதில்லை; இடையிடையே வெட்டப்பட்டு, மிஞ்சும் துண்டுகள் ஒட்டப்படுகின்றன. எந்தத் துண்டைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது ஆர்என்ஏவைப் பற்றிக்கொள்ளும் புரதங்களின் கையில் இருக்கிறது. நரம்புச் செல்களில் இந்தத் தேர்வு மிக அதிகம்.

1995இல் பாரிஸில் ஜூடித் மெல்கியின் குழு எஸ்எம்ஏவுக்குக் காரணமான எஸ்எம்என்1 மரபணுவை அடையாளம் கண்டது. அருகிலேயே அதன் இரட்டையான எஸ்எம்என்2வும் இருந்தது. எஸ்எம்என்1 பழுதாகி நோயுற்ற குழந்தைகளிடமும் இந்த இரண்டாவது மரபணு இருக்கிறது. பிறகு ஏன் காப்பாற்றவில்லை? அதன் ஏழாவது துண்டில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது: சி இருக்க வேண்டிய இடத்தில் டி. சேர்க்கச் சொல்லும் புரதத்தின் பிடி அங்கே தளர்ந்துவிடுகிறது. ஹெச்என்ஆர்என்பி ஏ1 போன்ற தடுக்கும் புரதங்களின் கை ஓங்குகிறது. ஏழாவது துண்டு விடுபட்டுப்போக, பெரும்பாலும் நிலைக்காத புரதமே உருவாகிறது. முழுப் புரதம் பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். தசையை இயக்கும் நரம்புச் செல்களுக்கு அது போதாது.

2006இல் ரவீந்திர சிங்கின் குழு, தடுக்கும் புரதங்கள் வந்து அமரும் இடம் ஒன்றை அந்தத் துண்டை அடுத்தே கண்டது. கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தின் ஏட்ரியன் கிரெய்னரும் அயோனிஸ் நிறுவனத்தாரும் அந்த இடத்தை மறைக்கும் 18 எழுத்து மருந்தை உருவாக்கினார்கள். அதுதான் நுசினெர்சென். தண்டுவட நீரில் ஊசியாகச் செலுத்தினால், அது போய் ஒட்டிக்கொள்கிறது; தடுக்கும் புரதத்துக்கு இடமில்லை; ஏழாவது துண்டு சேர்கிறது. மரபணுவில் கைவைக்கவே இல்லை. அடிப்படை உயிரியலுக்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

2016 டிசம்பரில் நுசினெர்செனுக்கு அமெரிக்கா ஒப்புதல் தந்தது. 2020இல் இதே துண்டைச் சேர்க்கவைக்கும் ரிஸ்டிப்லாம், வாய்வழி மருந்தாக வந்தது. அறிகுறி தோன்றும் முன்பே நுசினெர்சென் பெற்ற 25 குழந்தைகளை ஓர் ஆய்வு தொடர்ந்து கவனித்தது. அத்தனை பேரும் தாமாக உட்கார்ந்தார்கள். 22 பேர் துணையின்றி நடந்தார்கள்.

ஆனால் இறந்த நரம்புச் செல்லை எந்த மருந்தும் மீட்பதில்லை. தலை நிற்காத பிள்ளையை, ‘சில பிள்ளைகளுக்குத் தாமதமாகும்’ என்று வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். உடனே குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். எஸ்எம்ஏவுக்கான ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.