பட்டி பார்த்தல் (வாகனம்)

பட்டி பார்த்தல் என்பது கார், வேன் போன்ற வாகனங்களின் வெளித்தகட்டில் உள்ள பள்ளம், கீறல் ஆகியவற்றின்மீது பசை போன்ற நிரப்பியைப் பூசித் தேய்த்து, பெயிண்ட் அடிப்பதற்கு ஏற்ற சமதளமாக்கும் வேலையாகும். 'புட்டி' என்ற ஆங்கிலச் சொல்லே பட்டறை வழக்கில் 'பட்டி' ஆயிற்று. வீட்டுச் சுவருக்குச் செய்யும் வேலைக்கும் இதே பெயர் உண்டு. ஆனால் பொருள் வேறு. நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்துவதும் வெட்டி ஒட்டுவதும் 'டிங்கரிங்' எனப்படும். இரண்டையும் சேர்த்தே சொல்லிப் பழகியதால் இரண்டும் ஒரே வேலை என்று பலர் நினைக்கின்றனர். ஓட்டை விழுந்த தகட்டில் இந்த எண்ணம் பணத்தை வீணாக்கும். பட்டி பள்ளத்தை நிரப்பும், ஓட்டையை அடைக்காது.

பெரம்பலூர், அரியலூர் பகுதி

பெரம்பலூர் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது. அதன் கிழக்கே உள்ள அரியலூர், சுண்ணாம்புக்கல்லுக்கும் சிமெண்டுக்கும் பெயர்பெற்றது. அங்கு அரசு சிமெண்ட் ஆலை 1979இல் தொடங்கப்பட்டது. தனியார் ஆலைகளும் உள்ளன. சுரங்கங்களிலிருந்து கல் ஏற்றிவரும் டிப்பர் லாரிகள் செல்லும் சாலைகளில் காருக்கு இரண்டு வகையில் சேதம் ஏற்படுகிறது. ஒன்று, லாரிச் சக்கரத்திலிருந்து தெறிக்கும் சிறுகல் பெயிண்டைப் பெயர்த்துத் தகட்டை வெளிக்காட்டுவது. மற்றொன்று, கண்ணுக்குத் தெரியாதது. கார்க் கதவின் அடிவிளிம்பில், உள்ளே இறங்கும் மழைநீர் வடிவதற்குச் சிறு துளைகள் உண்டு. சாலைப் புழுதியும் சேறும் அவற்றை அடைத்துவிட்டால், ஐப்பசி, கார்த்திகை மழைநீர் கதவுக்குள்ளேயே தேங்கும். துரு உள்ளிருந்து வெளிநோக்கி அரிக்கும். வெளியே பெயிண்டில் கொப்புளம் ஒன்று தெரிவதற்குள் உட்புறம் பெரும்பகுதி அரிக்கப்பட்டிருக்கக்கூடும். சக்கர வளைவின் உள்விளிம்பும், மிதியடிக்குக் கீழுள்ள தரைத்தகடும் இவ்வாறு கெடும் மற்ற இடங்கள்.

பட்டியின் தன்மை

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தகட்டுப் பள்ளங்களை உருக்கிய ஈயக் கலவையால் நிரப்பினர். 1950களில் அமெரிக்காவில் பாலியஸ்டர் பட்டி பரவத் தொடங்கியது. பாலியஸ்டர் பிசினுடன் டால்க் மாவு, கால்சியம் கார்பனேட் போன்ற தூள்களைக் கலந்து இது செய்யப்படுகிறது. (கால்சியம் கார்பனேட் வேறொன்றுமில்லை, சுண்ணாம்புக்கல்லின் முதன்மைப் பொருள்தான். அரியலூர்ச் சாலையில் காரின்மேல் படியும் புழுதியின் உறவுக்காரப் பொருள் பட்டி டப்பாவுக்குள்ளும் இருக்கிறது.) பட்டி ஈரத்தை உறிஞ்சும். ஓட்டையின் பின்புறம் திறந்திருக்க, முன்புறம் மட்டும் பட்டி பூசினால், பின்னாலிருந்து ஈரம் ஏறும். பட்டிக்கும் இரும்புக்கும் இடையே துரு வளரும். பெயிண்ட் பளபளப்பாக இருக்கும்போதே அடியில் பிடிப்பு விட்டு, ஒரு மழைக்காலம் கழிந்ததும் மீண்டும் கொப்புளம் தோன்றும். ஓட்டைக்குள் காகிதத்தையோ வலையையோ திணித்து அதன்மேல் பட்டி அப்புவதும் இதே கதைதான்.

செய்முறை

முதலில் துருவை, நல்ல இரும்பு பளிச்செனத் தெரியும் வரை அகற்ற வேண்டும். ஊசிமுனை அளவுள்ள ஓட்டை, சுரண்டியபின் ரூபாய் நாணய அளவுக்கு விரிவது வழக்கம். இது வேலைக்காரர் செய்த கூடுதல் சேதம் அன்று. அங்கு ஏற்கெனவே இரும்பு இல்லை என்பதே பொருள்.

பிறகு அதே தடிமனுள்ள தகட்டில் ஒட்டு வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும். கார்த் தகடு பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனுடையது. தொடர்ச்சியாக வெல்டிங் வைத்தால் சூட்டில் நெளிந்துவிடும். அதனால் ஒரு புள்ளி இங்கே, அடுத்தது எதிர்ப்பக்கம் என இடம் மாற்றிப் புள்ளிபுள்ளியாக வைத்து, இடையே ஆறவிட வேண்டும். தொடங்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுவதும், உட்புற ரெக்சின், பஞ்சு ஆகியவற்றை அகற்றுவதும் அவசியம்; தீப்பிடிப்பது அங்கிருந்துதான். வெல்டிங் மேட்டைத் தேய்த்துச் சமப்படுத்தி, உட்புறத்தில் துருத்தடுப்புப் பூச்சு கொடுத்தபின்பே பட்டியின் முறை வரும்.

பட்டியுடன் ஹார்ட்னரை எடையில் சுமார் 2 விழுக்காடு அளவில் கலக்க வேண்டும். கூடுதலாகக் கலந்தால் விரைவில் இறுகும் என்பது உண்மையே. ஆனால் மிகுந்த ஹார்ட்னர் பின்னர் பெயிண்ட் வழியாகக் கறையாகத் தெரியக்கூடும். பெரம்பலூர்ச் சித்திரை வெயிலில் கலவை பலகையிலேயே இறுகிவிடும் என்பதால், ஒருமுறை பூசும் அளவுக்கு மட்டும் கலந்து, நிழலில் வேலை செய்வதே நல்லது. மொத்தத் தடிமன் சுமார் 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் தேவைப்பட்டால் டிங்கரிங் வேலை முடியவில்லை என்று கொள்ளலாம்.

இறுகியபின் 80ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 180, 320 என நயமான தாளுக்கு மாற வேண்டும். தாளைக் கையால் பிடிக்காமல் தட்டையான கட்டையில் சுற்றித் தேய்த்தால் மட்டுமே மேடுபள்ளம் நீங்கும். வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது பல பட்டறைகளில் காணப்படும் பழக்கம். பிரைமர் அடித்தபின் அது சரி. வெறும் பாலியஸ்டர் பட்டியின்மேல் தண்ணீர் பட்டால் அந்த ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

பழைய கார் வாங்குவோர்

கதவுக்கு அடியிலுள்ள படிப்பலகை, தூண்கள், அடிச்சட்டம் ஆகியவை மோதலின்போது பயணிகளைக் காப்பவை. அவற்றின் ஓட்டையைப் பட்டியால் மறைப்பது ஏமாற்று வேலை என்றே சொல்ல வேண்டும். சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டின்மேல் நகர்த்தினால், பட்டி தடிப்பாக உள்ள இடத்தில் பிடிப்பு தளரும். விரலால் தட்டினால் ஒலியும் மந்தமாகக் கேட்கும். பிளாஸ்டிக் பம்பருக்கும் அலுமினியத் தகட்டுக்கும் காந்தச் சோதனை பொருந்தாது.

தொழிலாளர் நலம்

பட்டியின் கடுநெடி ஸ்டைரீன் என்ற வேதிப்பொருளினுடையது. உலர்ந்த பட்டியைத் தேய்க்கும்போது நுண்தூள் பறக்கும். ஹார்ட்னர் கலந்த பெயிண்டில் பெரும்பாலும் ஐசோசயனேட் உண்டு. அது ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டவருக்கு அதன்பின் சிறிதளவு ஆவியும் மூச்சுத்திணறலைத் தரலாம். முகத்தில் கட்டும் துண்டு பெருந்தூசியை மட்டும் தடுக்கும்; ஆவியைத் தடுக்காது. தேய்க்கும்போது தூசு வடிகட்டும் முகக்கவசமும், பெயிண்ட் அடிக்கும்போது வெளியிலிருந்து தூய காற்று தரும் முகமூடியும் தேவை.